மேடை யார் உயரத்துக்கு

எங்கள் வீட்டில் சமையல் மேடை என்று சொல்லும்படி ஒன்று இருந்ததில்லை. அப்பா வீடு கட்டியபோது, செங்கல் மிச்சமிருந்த உயரத்துக்கு ஒரு சிமென்ட் திட்டை எழுப்பியிருந்தார். முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் மேலே நிற்கும். அதன்மேல் கேஸ் அடுப்பு. பகலெல்லாம் உப்பளத்தில் குனிந்து உப்பு வாரிவிட்டு வரும் அம்மா, வீட்டிலும் குனிந்துதான் சோறு வடிப்பாள், குனிந்துதான் தாளிப்பாள்.

போன வருடம் அவளுடைய முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், இனி பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்றார். "மொதல் விஷயத்த மழையே நிறுத்திடும் சார், மழைக்கு உப்பளம் மூடிடும். ரெண்டாவது நிக்கணும்னா எங்கூட்டு அடுப்பு எழுந்து நிக்கணும்" என்றாள் அம்மா. மருத்துவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே, அடுப்பை எழுந்து நிற்க வைக்க என்னென்ன வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிட்டேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். சென்னைக்கு இந்தப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பக்கத்திலேயே விடுதியில் தங்கிக்கொண்டு, விடுமுறை கிடைக்கும்போது ஊருக்கு வருவேன். என் வேலை அளப்பது. வரைபடத்தில் இருக்கும் அளவும் கையில் இருக்கும் பாகத்தின் அளவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்க வேண்டும். வீட்டிலும் இந்த மாதிரி வேலைகள் என்னுடையவைதான். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வாங்குவது, ஃபேன் எங்கே மாட்டுவது, தம்பியின் வண்டிக்கு எந்த இன்சூரன்ஸ் எடுப்பது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

வேலையை ஐப்பசியில் ஆரம்பிப்பதென்று முடிவானது. மழைக்காலத்தில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். அம்மா வீட்டில் இருப்பாள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். செலவு என்னுடையது என்றேன். உப்புக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கும் அப்பா, "உன் இஷ்டம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். தம்பிதான் துள்ளினான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், புதுச்சேரியில் ஏசி பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். வீட்டு வேலை என்றால் காணாமல் போகிறவன், இந்த முறை எல்லாவற்றுக்கும் நான் நான் என்று வந்து நின்றான். அம்மாவின் முதுகு அவனுக்கும் வலித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வைத்த நிபந்தனைகள் அதிகமில்லை. கல் கருப்பாக இருக்க வேண்டும். மார்பிள் வேண்டவே வேண்டாம், புளி பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போகும். எங்கள் காற்றில் இரும்புக் கீல் நிற்காது, அதனால் கீழே அலமாரிக் கதவுகளுக்கு அலுமினியம். விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். அம்மா எங்கே நின்றாலும் இடுப்பை எதிலாவது சாய்த்துக்கொள்வாள், கூரான விளிம்பு அவளைக் குத்தும். கலவைக்கு எங்கள் தெருவின் போர் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேரக்கூடாது. அந்தத் தண்ணீரில் பூசிய சுவர் எப்படியாகும் என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் எந்த வீட்டுச் சுவரையும் தொட்டுப் பார்க்கலாம். வெள்ளை பூத்து, மாவு மாதிரி விரலோடு வந்துவிடும். நல்ல தண்ணீரை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உயரம். மேடை அம்மாவின் உயரத்துக்கு இருக்க வேண்டும். மற்றதில் ஒன்றிரண்டு தவறினாலும் பொறுத்துக்கொள்ளலாம். இது தவறக்கூடாது.

கல் பார்க்க, திண்டிவனம் சாலையில் உள்ள ஒரு கிரானைட் கடைக்கு நானும் அம்மாவும் தம்பியும் போனோம். கூரை போட்ட பெரிய திடலில் கற்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. எல்லாவற்றின்மேலும் அறுத்த தூசி படிந்திருந்ததால் கருப்பும் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் மொண்டு பலகையின்மேல் வீசுவார். தூசி வழிந்து நிறம் வெளியே வரும். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இதில் ஊற்றுங்க, அதில் ஊற்றுங்க என்று அவரைத் திடல் முழுக்க நடக்க வைத்தாள்.

கருப்புக் கல்லில் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பென்று விற்பார்கள். துடைக்கத் துடைக்க நாளடைவில் வெளுக்கும். நான் கைப்பையில் நெயில் பாலிஷ் ரிமூவரும் வெள்ளைத் துணியும் கொண்டுபோயிருந்தேன். துணியை நனைத்து முதல் பலகையில் அழுத்தித் தேய்த்தேன், துணி கருத்தது. அடுத்ததிலும் கருத்தது. கடைக்காரர் தம்பியிடம், "ஏம்பா, உங்கக்கா கல்லு வாங்க வந்துச்சா, ரெய்டு பண்ண வந்துச்சா?" என்றார்.

"மாப்பிள்ளை பாக்க வந்தாலும் இப்படித்தாண்ணே தொடச்சிப் பாக்கும். அதான் இன்னும் ஒண்ணும் அமையல" என்றான் தம்பி.

அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். நானும் சிரித்தேன். எனக்கு இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. ஒன்றை அவர்கள் வேண்டாம் என்றார்கள், ஒன்றை நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். அதை வைத்து என்னைக் கேலி செய்கிற அளவுக்கு வீட்டில் யாரிடமும் எதுவும் மறைவாக இல்லை என்பது எனக்கு அப்போது ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. துணி கருக்காத பலகை ஒன்று கடைசியில் கிடைத்தது. அதன்மேல் சாக்பீஸால் அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன்.

எங்கள் பக்கம் மேடை கட்டும்போது மேஸ்திரிகள் அளவு கேட்பதில்லை. "ஆக்கறவங்க வந்து நில்லுங்க" என்பார்கள். வீட்டில் சமைக்கிற பெண் சுவரோரம் போய் நிற்பாள். அவள் இடுப்புக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டில்தான் மேடை வரும். யாரை நிற்க வைத்துக் கோடு போட்டார்களோ, மேடை அவளுடையது.

எனக்கு அது போதவில்லை. இடுப்பு மட்டும் கணக்கல்ல, முழங்கையும் தோளும் சேர்ந்ததுதான் கணக்கு. மேஸ்திரி வருவதற்கு முன்பு ஒரு மதியம், பின்கட்டில் செங்கற்களை அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டேன். பலகைமேல் குண்டானை வைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, அம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துக் கிண்டச் சொன்னேன். ஒரு வரிசை செங்கல்லை ஏற்றினேன். மறுபடி கிண்டச் சொன்னேன். தோள் தூக்குகிறதா, முதுகு வளைகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு செங்கல்லை எடுத்துவிட்டு, ஓட்டுத் துண்டுகளை வைத்து விரல் கனம் விரல் கனமாக ஏற்றி இறக்கினேன். "சமையல் பண்ணச் சொல்றியா, சர்க்கஸ் பண்ணச் சொல்றியாடி" என்று அம்மா சிரித்தாள். முப்பது அங்குலத்தில் அவள் கரண்டியை நிறுத்தவில்லை. வெறும் தண்ணீரைக் கிண்டிக்கொண்டே நின்றாள்.

"இதான். இப்ப முதுகு இருக்கிற எடமே தெரியல" என்றாள்.

அந்த மதியத்தை அதற்குப் பிறகு விடுதியில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மழை விட்டிருந்தது, கொடியில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவுக்காக யாரும் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. அவள் ரவிக்கைகூடப் பழையதைக் கொடுத்துத்தான் தைக்கச் சொல்வாள்.

மறுநாள் வந்த மேஸ்திரி என் அளவைக் கேட்டுவிட்டு, இது சின்னப் பிள்ளைகள் உயரம், எல்லார் வீட்டிலும் இதற்கு மேலே நாலு அங்குலம் வரும் என்றார். "எம்பொண்ணு சொன்னா சொன்னதுதான், போடுங்க" என்றாள் அம்மா. அவள் சுவரோரம் போய் நின்றாள். அவர் பென்சிலால் கோடு போட்டார்.

தண்ணீருக்குத் தம்பி பொறுப்பேற்றான். பக்கத்தில் இருக்கும் பிரம்மதேசத்தில் தெரிந்தவர் நிலத்தில் கிணறு இருக்கிறது, தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்றான். ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, உப்பை அளக்கும் சின்னக் கருவியை முக்கிப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல தண்ணீர். லோடு ஆட்டோவில் டிரம்களை ஏற்றிக்கொண்டு அவன் போய்வர ஆரம்பித்தான். எதிர்வீட்டு அக்கா என்னிடம், "உன் தம்பி ஒரு நடை தண்ணி கொண்டாறதுக்குள்ள அங்க கெணறே திரும்ப ஊறிடும் போல" என்று சொல்லிச் சிரித்தாள். சோம்பேறி என்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அதன்பிறகு தொழிற்சாலையில் தணிக்கை வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் ஊருக்கு வர முடியவில்லை. கான்கிரீட் போட்டாயிற்று, கல் வந்துவிட்டது, கல் பதித்தாயிற்று என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நல்ல தண்ணீர்தானா, விளிம்பை உருட்டினார்களா என்று நான் கேட்பேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பாள். தம்பி வீடியோ காலில் காட்டினான். கருப்புக் கல்மேல் விளக்கு வெளிச்சம் விழுந்து மின்னியது. கல்லைத்தான் பார்க்க முடிந்தது. தரையிலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது திரையில் தெரியாது.

நான் ஊருக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. அப்பா காவல் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே சமையலறைக்குப் போனேன்.

நான் கேட்ட எல்லாமே இருந்தது. கல் அதே கல்தான். விளிம்பு உருண்டையாக இருந்தது. கதவுகள் அலுமினியம். சுவரில் வெள்ளை பூக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின்மேல் வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. தோள்கள் தளர்வாக இருந்தன, கைகள் தானாக வந்து விழுந்தன. நின்றுகொண்டே இருக்கலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் அப்பா மாதிரி, அம்மாவைவிட ஒரு தலை உயரம். அம்மாவுக்குச் சரியான மேடையில் நான் குனிய வேண்டும். நான் குனியவில்லை.

பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். முப்பத்து நாலரை. வேறு இடத்தில் வைத்தும் அளந்தேன். அதேதான்.

மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து, சிங்க்குக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய டைல்ஸை வெட்டிக்கொண்டிருந்தார். அளவைச் சொன்னேன். பழக்கத்தில் எல்லா வீட்டுக்கும் வைக்கிற உயரத்தை வைத்துவிட்டீர்களா என்று, குரல் உயராமல்தான் கேட்டேன். அவர் கட்டரை நிறுத்தினார்.

"நான் ஏம்மா மாத்தப்போறேன். உங்கம்மாதான் கோட்ட அழிச்சிட்டு மேல போடச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு வந்து நின்னுச்சே அன்னிக்கு."

எந்தப் பெண் என்று கேட்டேன்.

"உன் தம்பிக்குப் பேசி முடிச்சிருக்கிற பொண்ணுதாம்மா. பிரம்மதேசத்துப் பொண்ணு, நல்லா ஒசரமா இருக்குமே. நம்ம கலவைக்கு வந்த தண்ணிகூட அவங்க கெணத்துது தானே." என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். "உனக்குத் தெரியும்னு நெனச்சிட்டம்மா."

"தெரியும்ணே. ஒசரம்தான் எனக்குச் சரியாச் சொல்லல" என்றேன்.

தெரியும் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் நடப்பதை வீட்டு வேலைக்கு வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்பதை அவருக்குக் காட்ட முடியவில்லை. உள்ளே போய், அந்தக் கல்மேல் டேப்பை வைத்துவிட்டு நின்றேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசற்படியை மிதிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதைக்கூடப் பார்க்காமல் அவளை வரவழைத்து நிற்க வைத்திருக்கிறார்கள். பழக்கப்படி ஒவ்வொன்றாக வரிசை போட்டேன். துள்ளிய தம்பி, கிரானைட் கடையில் அவன் அடித்த கேலி, அரை நாள் ஆகும் தண்ணீர், எதிர்வீட்டு அக்காவின் சிரிப்பு. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

அம்மா அரிசிப் பையோடு உள்ளே வந்தாள். கல்மேல் கிடந்த டேப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னது?" என்றாள்.

கல்யாணத்தைப் பற்றி நான் முதலில் கேட்கவில்லை. "இதை உன் முதுகுக்குத்தானம்மா கட்டினோம்" என்றேன்.

"எம்முதுகு இன்னும் எத்தினி நாளைக்கு. நாளைக்கு இங்க நின்னு ஆக்கப்போறது அவதானே. அவ குனியறத நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நான் குனிஞ்சது போதும்மா."

அதில் நியாயம் இருந்தது. என்றைக்குப் பேசி முடித்தீர்கள் என்று கேட்டேன். பைக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: புரட்டாசி பிறப்பதற்கு முன்பே. அப்படியென்றால் கல் எடுக்கப் போவதற்கு முன்பு. அப்படியென்றால் பின்கட்டில் செங்கல் அடுக்குவதற்கும் முன்பு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எதுக்கும்மா வந்து நின்ன?"

"நீ ஆசையா அளந்துகிட்டிருந்த. அதுல போயி என்னன்னு சொல்றது. சரி, புள்ள மனசு கோணாம நின்னுட்டுப் போவோம்னு நின்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கனிவாகத்தான் சொன்னாள், சின்ன வயதில் நான் மண்ணில் சோறாக்கிக் கொடுத்ததைச் சாப்பிடுவது போல் பாவனை செய்ததைப் பற்றிச் சொல்கிற குரலில். முதுகு இருக்கிற இடமே தெரியவில்லை என்று சொன்னாளே, அதுவாவது உண்மையா என்று கேட்க வாய் வரவில்லை. பொய்யென்று சொல்லிவிட்டால் அந்த மதியத்தில் மிச்சம் எதுவும் இருக்காது.

ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"உங்க பெரியம்மாதான் சொல்லுச்சி. அக்காகாரி இருக்கும்போது தம்பிக்கு முடிக்கிறீங்க, தாம்பூலம் மாத்தற வரைக்கும் அது காதுல போடாதீங்க, ஏதாவது ஒண்ணு சொல்லிடுச்சின்னா பொண்ணு வீட்ல யோசிப்பாங்கன்னு."

"நான் சொல்லுவேன்னு நீ நெனச்சியா?"

அம்மா அரிசியை டின்னில் கொட்ட ஆரம்பித்தாள். கொட்டி முடித்துப் பையை உதறினாள். பிறகு, "நான் நெனைக்கல. நாலு பேரு சொல்றப்ப பயமா வருதில்ல" என்றாள்.

சத்தம் கேட்டு எழுந்துவந்த அப்பா, தோளில் துண்டோடு கதவருகில் நின்றார். சொல்லிவிடலாம் என்றுதான் அவர் சொன்னாராம், யாரும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அவருக்கும் என் போன் நம்பர் தெரியும்.

பேச்சை லேசாக்குவதற்காகத்தான் அடுத்ததைக் கேட்டேன் என்று நினைக்கிறேன். உன்னை நிற்க வைத்தோம், அவளை நிற்க வைத்தீர்கள், அளந்து கட்டினவளை யாரும் ஒரு தடவைகூட நிற்க வைக்கவில்லையே என்றேன். அம்மா உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ. உன்ன எதுக்கு நிக்க வெக்கணும்?" என்றாள்.

மதியத்துக்கு மேல் தம்பி வந்தான். மேஸ்திரி சொல்லியிருக்க வேண்டும், வாசலிலேயே முகம் விழுந்திருந்தது. நிச்சயத்தன்று சர்ப்ரைஸாகச் சொல்லலாம் என்றிருந்தோம் என்றான். என் முகத்தைப் பார்த்து அதை அவனே விட்டுவிட்டான். அந்தப் பெண் நல்ல பெண், நர்சிங் படித்திருக்கிறாள், உனக்குப் பிடிக்கும் என்றான். பிடிக்கும்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை என்றேன். அதனால் தைரியம் வந்து, "அம்மாவுக்கு ஒரு பலகை அடிச்சிக் குடுத்துடலாம்க்கா, ஏறி நின்னுக்கும். நீ எத்தினி இன்ச்னு மட்டும் சொல்லிடு" என்றான்.

"ஆசாரி வந்து அளந்துக்குவாரு" என்றேன். வீட்டில் யாரோ அளவு கேட்டு நான் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மேஸ்திரி வேலையை முடித்துக்கொண்டு போனார். தம்பி புது அடுப்பை மேடைமேல் வைத்து, இன்னொரு சிலிண்டரில் கேஸ் இணைப்பையும் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். வேலை நடந்த நாளெல்லாம் பழைய அடுப்பைப் பின்கட்டில் தரையில் வைத்துத்தான் சமையல். அங்கே அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து உலைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். இனி உள்ளேயே சமைக்கலாமே என்றேன். தையில் கல்யாணம், மருமகள் வந்து பால் காய்ச்சுகிற வரைக்கும் அந்த அடுப்பில் எதுவும் வைப்பதாக இல்லை, அதுவரைக்கும் இங்கேயே ஆக்கிக்கொள்கிறேன் என்றாள்.

தைக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அதுவரை இன்னும் தாழ்வாக, தரைமட்டத்தில், இந்த முதுகோடு. அவளைக் குனியாமல் நிற்க வைப்பதற்காக ஆரம்பித்த வேலை அவளை உட்கார வைத்துவிட்டது. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. "இத்தினி வருஷம் ஆக்கலியா" என்றாள்.

நான் உள்ளே போய் ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துப் புது அடுப்பின்மேல் வைத்தேன். அம்மா கை ஈரத்தோடு எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். "வேணாம்மா" என்றாள், ஒரே ஒரு தடவை. நான் லைட்டரை அழுத்தினேன். பால் ஊற்றவில்லை. அந்த அளவுக்குப் போக எனக்கும் மனம் வரவில்லை. வெறும் தண்ணீரில் டீத்தூளும் சர்க்கரையும் போட்டேன், வடிகட்டினேன். மேடையில் ஒரு கையை ஊன்றி நின்றபடியே குடித்தேன். எனக்கு அந்த உயரம் கச்சிதமாக இருந்தது. குடித்து முடிக்கும்வரை அம்மா வாசலை விட்டு நகரவில்லை, உள்ளேயும் வரவில்லை. பாத்திரத்தையும் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்பையும் கல்லையும் ஈரம் போகத் துடைத்தேன். பழையபடி புதிதாக இருந்தது.

மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினேன். மழைத் தண்ணீர் நின்ற உப்பளங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருந்தன. அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். டீயைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாத்தனாராக நான் செய்ய வேண்டியவற்றை எல்லாம் வரிசையாகச் செய்தேன். பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டு, தங்கமான பொண்ணு என்றாள். மணமக்கள் வீட்டுக்கு வந்ததும் பால் காய்ச்ச எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். பெண் மேடை முன்னால் போய் நின்றாள். கோடு போட்ட இடம் துல்லியமாக இருந்தது. மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. அம்மா பெண் வீட்டாரைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"யாரு கையும் படாத அடுப்பு. மொத மொதல்ல எம்மருமவதான் பத்த வெக்கிறா."

சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை. தெரியாமல் சொல்லவில்லை, மறந்தும் சொல்லவில்லை. என் வேலையே ஒன்றுக்கொன்று பொருந்தாததைக் கண்டால் நிறுத்தி வைப்பதுதான். இதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

அந்தப் பெண் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாள். "அண்ணி, கல்லு நீங்க எடுத்ததாமே. ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். எண்ணெய் பட்டால் உடனே துடைத்துவிடு, மற்றபடி ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஆசாரி அடித்துக் கொடுத்த பலகைமேல் ஏறி நின்று, அம்மா டம்ளர்களில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் என் கைக்கும் வந்தது.

குடித்தேன். டம்ளரைக் கழுவவில்லை. விருந்தாளிகள் வைப்பதுபோல் சிங்க்கில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.